சியேனாவும் பாலியோவும்: போக நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இத்தாலியின் தஸ்கனி வட்டாரத்தில், புளோரன்சுக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், மூன்று குன்றுகளின் முகட்டில் இருக்கும் ஊர் சியேனா. ஆண்டுக்கு இரண்டு முறை ஊரின் நடுத்திடலிலேயே அங்கே ஒரு குதிரைப் பந்தயம் நடக்கும். அதன் பெயர் பாலியோ. ஒரு ஜூலை, ஓர் ஆகஸ்ட், ஒரு டிசம்பர் என்று மூன்று முறை அந்த ஊரில் தங்கியிருக்கிறேன். இத்தாலிக்குக் கிளம்பும் நண்பர்களும், நண்பர்களின் நண்பர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே பதிலோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

பாலியோ சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தும் நிகழ்ச்சியா?

இல்லவே இல்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சியேனாக்காரர்கள் தங்களுக்காக நடத்திக்கொள்ளும் விழா இது. யாரும் அழைக்காமலே ஒரு பெரிய வீட்டு விசேஷத்தின் வாசலில் போய் நிற்கிறோம், உள்ளே விடுகிறார்கள், ஓரமாக நின்று பார்க்கலாம். அந்த மனநிலையோடு போகிறவர்களுக்கு ஊர் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காட்டும்.

ஒரு பந்தயம் ஜூலை 2 அன்று, புரொவென்சானோ மாதாவின் பெயரில். இன்னொன்று ஆகஸ்ட் 16 அன்று, மாதா விண்ணேற்பு விழாவுக்கு மறுநாள். இன்றைய வடிவில் இது 17ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்துவருகிறது. குதிரையிலோ ஜாக்கியின் சட்டையிலோ எந்தக் கம்பெனியின் பெயரும் இருக்காது. போட்டி ஊரின் பேட்டைகளுக்குள்தான்; ஜெயித்த பேட்டைக்குப் பரிசுப் பணமும் கிடையாது. கிடைப்பது மாதாவின் உருவம் தீட்டிய நீளமான பட்டுத்துணி ஒன்று. ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஓர் ஓவியரைக் கொண்டு புதிதாக வரையச் செய்கிறார்கள். அதன் முறையான பெயர் திராப்பெல்லோனே. ஊர்க்காரர்கள் செல்லமாகச் சென்ச்சோ என்பார்கள். கந்தல் துணி என்று பொருள். அந்தக் கந்தலுக்காகப் பெரியவர்கள் தேம்பி அழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

2020இலும் 2021இலும் பெருந்தொற்றால் பாலியோ ஓடவில்லை. எப்போதாவது சிறப்புப் பாலியோவும் உண்டு. முதல் உலகப் போர் முடிந்த நூறாவது ஆண்டை நினைத்து 2018 அக்டோபரில் ஒன்று நடந்தது.

கொந்த்ராதா, கொந்த்ராதா என்கிறார்களே, அது என்ன?

ஊரின் பழைய பேட்டை. மதிலுக்கு உட்பட்ட சியேனா மொத்தம் 17 கொந்த்ராதாக்களாகப் பிரிந்திருக்கிறது. எந்தத் தெரு யாருக்கு, எந்த வீட்டோடு எல்லை முடிகிறது என்பதை 18ஆம் நூற்றாண்டில் நகரின் ஆளுநராக இருந்த பவேரியாவின் வியொலாந்தே இளவரசி வெளியிட்ட ஆணை வரையறுத்தது. கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுக்குப் பிறகும் அந்த எல்லைதான் செல்லும். தெருமுனைச் சுவரில் சிறிய சின்னம் ஒன்று பதித்திருக்கும். நடந்துகொண்டே இருக்கும்போது நத்தை மறைந்து ஆமை வந்தால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள்.

பெயர்களைக் கேளுங்கள்: கழுகு, கம்பளிப்புழு, நத்தை, ஆந்தை, டிராகன், ஒட்டகச்சிவிங்கி, முள்ளம்பன்றி, ஒற்றைக்கொம்புக் குதிரை, பெண் ஓநாய், சிப்பி, வாத்து, அலை, சிறுத்தை, காடு, ஆமை, கோபுரம், ஆட்டுக்கிடா. கோபுரத்தின் கொடியில் முதுகில் கோபுரம் சுமந்த யானை நிற்கும். காட்டின் கொடியில் மரத்தடியில் ஒரு காண்டாமிருகம். அலையின் சின்னம் டால்பின்.

ஒவ்வொரு கொந்த்ராதாவுக்கும் சொந்தமாகத் தேவாலயம், அருங்காட்சியகம், குதிரை லாயம், கூடிப் பேச ஒரு மன்றம், நீரூற்று எல்லாம் உண்டு. அங்கே பிறந்த குழந்தைக்குத் தேவாலயத்தில் ஒரு ஞானஸ்நானம் என்றால், கொந்த்ராதாவின் ஊற்று நீரில் இன்னொரு ஞானஸ்நானம். அன்று கழுத்தில் கட்டும் வண்ணத் துணி சாகும்வரை கூட வரும். முதியவரைப் போய்ப் பார்த்துவருவது, படிக்கும் பிள்ளைக்கு உதவுவது, சாவு வீட்டில் முன்னால் நிற்பது என்று ஆண்டு முழுக்க வேலை இருக்கிறது. பந்தயம் அதன் உச்சம். ஆனால் பந்தயமே கொந்த்ராதா ஆகிவிடாது.

பகையும் உண்டு, அதுவும் வெளிப்படையாக. நத்தைக்கு ஆமை ஆகாது. முள்ளம்பன்றிக்கு ஓநாய் ஆகாது. வாத்துக்கும் கோபுரத்துக்கும் ஆகவே ஆகாது. தான் ஜெயிப்பது முதல் சந்தோஷம்; பகையாளி தோற்பது அதற்கு மிக அருகில் வரும் இரண்டாவது சந்தோஷம். வேறு வேறு கொந்த்ராதாவில் பிறந்த கணவனும் மனைவியும் பாலியோ நாட்களில் அவரவர் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவது இன்றும் நடக்கிறது. விழா முடிந்ததும் குடும்பம் மறுபடி ஒன்றுசேரும்.

17 பேட்டையும் ஒன்றாக ஓடுமா?

திடல் தாங்காது. ஒரு பந்தயத்தில் 10 தான். சென்ற ஆண்டு அதே மாதப் பாலியோவில் ஓடாத ஏழு பேட்டைகள் உரிமையோடு வரும். மீதி மூன்றைக் குலுக்கல் முடிவு செய்யும்.

குதிரையை யார் வாங்குவது? நல்ல குதிரை வைத்திருக்கிற பேட்டைதானே ஜெயிக்கும்?

எந்தப் பேட்டையும் தன் குதிரையைத் தானே தேர்ந்தெடுக்க முடியாது. பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு, அதாவது ஜூன் 29 அல்லது ஆகஸ்ட் 13 அன்று, காலையில் குதிரைகளைத் திடலில் ஓடவிட்டுப் பத்தைப் பொறுக்குவார்கள். பிறகு எல்லோர் முன்னாலும் சீட்டுக் குலுக்கி, எந்தக் குதிரை யாருக்கு என்று சொல்வார்கள். ஒரு நொடியில் ஒரு தெரு குதித்துக் கூத்தாடும். பக்கத்துத் தெரு வாயடைத்துப்போகும். கிடைத்த குதிரையை மாற்றக் கூடாது. அதற்குக் காயம் பட்டால் அந்தப் பேட்டை போட்டியிலிருந்தே விலக வேண்டியதுதான்.

அந்த நிமிடத்திலிருந்து குதிரை அந்தப் பேட்டையின் பிள்ளை. பார்பரேஸ்கோ எனப்படும் பராமரிப்பாளர் லாயத்திலேயே அதன் பக்கத்தில் படுத்துத் தூங்குவார். தெருவில் குதிரையை நடத்தி வரும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள், அது மிரண்டுவிடக் கூடாதே என்று. முதல் தடவை இது தெரியாமல் நான் கேமராவை உயர்த்தினேன். என் அப்பா வயதிருக்கும் ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் தன் உள்ளங்கையை லென்ஸின் முன்னால் வைத்தார். கோபமே இல்லாத கை. தொட்டிலின் பக்கத்தில் நின்று “தூங்குது” என்று சைகை காட்டுவார்களே, அப்படி.

ஜாக்கி கதை வேறு. அவர் வெளியாள், கூலிக்கு வருகிறவர். பலர் சார்டீனியாத் தீவுக்காரர்கள். ஜாக்கியை மட்டும் பந்தய நாள் காலை வரை மாற்றலாம். ஊர் அவரைக் கொண்டாடும், நம்பாது.

பந்தய நாளில் என்னென்ன நடக்கும்?

காலையில் திடலின் ஓரம் இருக்கும் சிற்றாலயத்தில் ஜாக்கிகளுக்குப் பூசை. 1348இன் கொள்ளைநோயில் பிழைத்தவர்கள் நேர்ந்துகொண்டு கட்டிய ஆலயம் அது. பிறகு கடைசி ஒத்திகை ஓட்டம். யாரும் குதிரையை விரட்டி ஓட்ட மாட்டார்கள், சாயங்காலத்துக்காகச் சேமிப்பார்கள்.

பிற்பகலில் நடப்பதுதான் எனக்குப் பந்தயத்தைவிடப் பிடித்தது. குதிரையைப் பேட்டையின் தேவாலயத்துக்குள் அழைத்துச் செல்வார்கள். ஆம், உள்ளேயே, பலிபீடத்துக்கு முன்னால். ஜூலையில் ஒரு சிறிய ஆலயத்தின் கதவோரம் எனக்கு ஓர் அடி இடம் கிடைத்தது. நூறு பேருக்கு மேல் நெருக்கிக்கொண்டு நின்றும் குளம்பு கல்லில் படும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. குதிரை தலையை ஆட்டியதும் கடிவாள வளையம் ஒருமுறை கிணுங்கியது. பாதிரியார் மந்திரித்துவிட்டுக் கடைசியில் குதிரையைப் பார்த்தே சொன்னார்: “போ, ஜெயித்துத் திரும்பி வா.” அதன் பிறகு வந்த ஆரவாரத்தில் என் காது அடைத்துப்போனது. ஆலயத்துக்குள் குதிரை சாணி போட்டுவிட்டால் நல்ல சகுனம் என்று இன்னும் சந்தோஷப்படுவார்கள்.

பிறகு ஊர்வலம். 17 பேட்டைகளின் கொடிவீசிகளும் முரசுக்காரர்களும் பழங்கால உடையில் திடலைச் சுற்றி வருவார்கள். இது இரண்டு மணி நேரம் போகும். கொடியைச் சுழற்றி வானத்தில் எறிந்து, தரையில் படாமல் பிடிப்பார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் நான்கு வெள்ளை எருதுகள் இழுக்கும் தேர், அதில் பட்டுத்துணி. அது கடந்து போகும்போது கூட்டத்தில் எழும் கூச்சலுக்கு “எங்களுக்குக் கொடு” என்று பொருள். மாதாவிடம் கேட்கிறார்கள்.

வெடிச் சத்தத்தோடு குதிரைகள் வெளியே வரும். தொடக்கக் கோட்டில் எந்த வரிசையில் நிற்பது என்பதும் குலுக்கல்தான், அதுவும் கடைசி நிமிடம் வரை ரகசியம். தொடக்க அதிகாரி பெயர்களைப் படிக்கும்போது பல்லாயிரம் பேர் மூச்சு விடாமல் நிற்பார்கள். இரண்டு கயிறுகளுக்கு நடுவே ஒன்பது குதிரைகள். பத்தாவது குதிரை மட்டும் வெளியே நிற்கும். அதன் பெயர் ரின்கோர்சா. அது பாய்ந்து உள்ளே வரும் கணத்தில்தான் கயிறு விழும். எப்போது பாய்வது என்பது அந்த ஜாக்கியின் கையில். தன் பகையாளியின் குதிரை தடுமாறித் திரும்பி நிற்கட்டும் என்று அவர் காத்திருப்பார். இந்தக் காத்திருப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போனதும் உண்டு.

ஓட்டம் என்னவோ திடலைச் சுற்றி மூன்று சுற்று, ஏறத்தாழ 1,000 மீட்டர், ஒன்றேகால் நிமிடம் கணக்கு. சேணம் கிடையாது. காய்ந்த எருதுத் தோல் சாட்டையால் குதிரையையும் அடிக்கலாம், பக்கத்து ஜாக்கியையும் அடிக்கலாம். சான் மார்த்தீனோ வளைவில் பள்ளமும் திருப்பமும் ஒன்றாக வரும். சுவரில் மெத்தை கட்டியிருப்பார்கள். ஜாக்கி விழுந்தாலும் குதிரை தனியாக ஓடி முதலில் வந்தால் ஜெயித்ததுதான். நான் சொன்ன 2018 அக்டோபர் பந்தயத்தை ஆமைப் பேட்டை அப்படித்தான் ஜெயித்தது, முதுகில் ஆளில்லாத குதிரையோடு.

இரண்டாம் இடத்துக்கு என்ன கிடைக்கும்?

தீராத வருத்தம். கடைசியாக வருவதைவிட இரண்டாவதாக வருவதுதான் கேவலம் என்பது சியேனாவின் கணக்கு. மிக நீண்ட காலமாக ஜெயிக்காத பேட்டைக்குப் பாட்டி என்று பட்டம் கட்டுவார்கள்.

டிக்கெட் எவ்வளவு? எங்கே வாங்குவது?

திடலின் நடுவில் நின்று பார்ப்பதற்குக் காசே கிடையாது. ஓரத்தில் அடுக்கியிருக்கும் மரப் படிவரிசைகளுக்கும் சன்னல்களுக்கும் பால்கனிகளுக்கும் பல நூறு யூரோ ஆகும். பல மாதம் முன்பே பேசி முடித்துவிடுவார்கள், அதில் பெரும்பங்கு ஊர்க்காரர்களுக்கே போய்விடும்.

நடுத்திடலில் நிற்பது எளிதில்லை. வெயிலில் நான்கைந்து மணி நேரம். நிழல் நகர்ந்து உங்களிடம் வரும்வரை தலையில் தொப்பியும் கையில் தண்ணீரும்தான் துணை. கழிப்பறை வசதி இல்லை. வழிகளை அடைத்த பிறகு பந்தயம் முடிந்தால்தான் வெளியே போக முடியும். சிறு குழந்தைகளையும் வயதானவர்களையும் அங்கே கூட்டிப் போகாதீர்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன். அதோடு, சமதரையில் நின்று பார்க்கையில் முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேல் ஓடும் தலைப்பாகங்கள்தான் தெரியும்.

அப்படியானால் என்ன செய்வது?

ஒத்திகைக்குப் போங்கள். பந்தய நாளையும் சேர்த்து நான்கு நாட்களில் ஆறு ஒத்திகை ஓட்டங்கள், காலை ஒன்பது மணி வாக்கிலும் மாலை ஏழு மணிக்கு மேலும். அதே குதிரைகள், அதே ஜாக்கிகள், அதே திடல். கூட்டம் தாங்கும் அளவில் இருக்கும். படிவரிசையில் உட்காரவும் மலிவாக இடம் கிடைப்பதுண்டு. ஒவ்வொரு பேட்டையும் தன் பாட்டைப் பாடிக்கொண்டு குதிரையின் பின்னால் திடலுக்கு வரும், அதே பாட்டோடு திரும்பிப் போகும். நீங்களும் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனால் லாயம் வரை போய்விடலாம். இரண்டு முறை பந்தயம் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் பந்தயத்துக்கு முந்தைய இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுங்கள்.

முந்தின இரவு ஒவ்வொரு பேட்டையும் தன் தெருவில் நீளமாக மேசை போட்டு நூற்றுக்கணக்கானோருக்குச் சாப்பாடு பரிமாறும். வெளியாட்களுக்கும் சில பேட்டைகள் சீட்டு விற்கும். பேட்டையின் மன்றத்தில் நேரில் போய்ப் பணிவாகக் கேளுங்கள். ஆகஸ்டில் எனக்குக் கடைசி மேசையின் ஓரத்தில் ஓரிடம் கிடைத்தது. பரிமாறியவர்கள் எல்லோரும் அந்தப் பேட்டையின் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். எனக்கு இரண்டாம் முறை ரொட்டி வைத்த பெண், என் கழுத்தில் துணி இல்லாததைப் பார்த்து, “பரவாயில்லை, இன்றைக்கு நீங்கள் எங்கள் பக்கம்” என்றாள்.

கடையில் விற்கும் வண்ணத் துணியை வாங்கிக் கட்டிக்கொள்ளலாமா?

வாங்கலாம், ஊருக்குக் கொண்டுவந்து சுவரில் மாட்டலாம். பாலியோ நாட்களில் சியேனாவில் கட்ட வேண்டாம். அது அவர்களுக்கு ஞானஸ்நானத் துணி. பகையாளி தெருவில் அதைக் கட்டிக்கொண்டு நடப்பது தேவையில்லாத வம்பும்கூட.

எல்லாமே முன்கூட்டிப் பேசி முடிக்கிற பந்தயம் என்கிறார்களே, உண்மையா?

பேட்டைகளுக்குள் ரகசிய ஒப்பந்தங்கள் உண்டு. “நான் ஜெயித்தால் உனக்கு இவ்வளவு தருகிறேன், நீ என் பகையாளியை மறித்துக்கொள்” என்பது மாதிரி. அவற்றை ஊரில் யாரும் மறைப்பதில்லை. ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே, ராஜதந்திரமாகவே பார்க்கிறார்கள். ஜாக்கிகள் தொடக்கக் கயிற்றின் அருகில் குதிரை மேல் இருந்தபடியே பேரம் பேசுவது திடலில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஜெயித்த பேட்டைதான் பிறகு பணத்தை எண்ணி வைக்க வேண்டும். முடிவை யாரும் முன்கூட்டி எழுதி வைக்க முடியாது. குலுக்கல் அத்தனை இடத்தில் குறுக்கே வருகிறது.

குதிரைகளுக்கு ஆபத்து இல்லையா?

இருக்கிறது. குதிரைகள் விழுந்திருக்கின்றன, செத்தும் இருக்கின்றன. விலங்கு நல அமைப்புகள் பல ஆண்டுகளாக எதிர்க்கின்றன. அதன் பிறகு விதிகள் இறுகின: மெல்லிய எலும்புள்ள தூய இனப் பந்தயக் குதிரைகளுக்கு இப்போது இடமில்லை, கலப்பினக் குதிரைகள் மட்டும்தான், கால்நடை மருத்துவர்கள் முன்கூட்டியே சோதிக்கிறார்கள், வளைவில் மெத்தைகள் மேம்பட்டிருக்கின்றன. குதிரையை அவர்கள் நேசிப்பது பொய்யில்லை, நானே பார்த்தேன். அந்த நேசம் சான் மார்த்தீனோ வளைவின் ஆபத்தைக் குறைத்துவிடாது என்பதையும் பார்த்தேன். ஜூலையில் என் கண்ணெதிரே ஒரு குதிரை சறுக்கி விழுந்து எழுந்தது. அது நிமிர்ந்து நிற்கும்வரை எனக்கு உடம்பு நடுங்கியது. இதைத் தாங்க முடியாது என்று தோன்றுகிறவர்கள் பந்தய நாளைத் தவிர்த்துவிடுங்கள். சியேனாவில் பார்க்க வேறு நிறைய இருக்கிறது.

பாலியோ இல்லாத நாளில் போனால் என்ன பார்ப்பது?

பந்தயம் நடக்கும் காம்போ திடலில் தொடங்குங்கள். சிப்பி வடிவத்தில் சரிந்து இறங்கும் செங்கல் தரை. வெள்ளைக் கல் கோடுகள் அதை ஒன்பது பங்காகப் பிரிக்கின்றன. 1287 முதல் 1355 வரை ஒன்பது பேர் கொண்ட சபை ஒன்று சியேனாவை ஆண்டதன் நினைவு அது. மாலையில் ஊரே அந்தச் சரிவில் வந்து படுத்துக் கிடக்கும். பகல் சூட்டை விடாமல் வைத்திருக்கும் செங்கலில் முதுகைச் சாய்த்துப் பாருங்கள். கட்டணம் இல்லாத இன்பம். பாலியோ நெருங்கினால் திடலின் விளிம்பு முழுக்க மஞ்சள் மண் கொட்டி அமுக்குவார்கள். “திடலில் மண் விழுந்தாச்சு” என்றால் விழா வந்துவிட்டது என்று அர்த்தம்.

திடலின் கீழ் ஓரத்தில் நகர மாளிகை. அதோடு ஒட்டிய மாஞ்சா கோபுரம் கிட்டத்தட்ட 88 மீட்டர் உயரம், ஏறுவதற்கு நானூறு படி. ஏற முடிந்தவர்கள் ஏறுங்கள். எல்லோரும் பார்க்க வேண்டியது மாளிகைக்குள் இருக்கிறது: அம்புரோஜியோ லொரென்செத்தி 1338–39இல் சுவரில் தீட்டிய நல்லாட்சி, கொடுங்கோலாட்சி ஓவியங்கள். அந்த ஒன்பது பேர் உட்கார்ந்து ஆலோசித்த அறை அது. தலை நிமிர்ந்தால் தாங்கள் செய்யும் ஆட்சியால் ஊர் என்னவாகும் என்று சுவர் காட்டும். நல்லாட்சிப் பக்கத்தில் செருப்புத் தைக்கிறார்கள், வீடு கட்டுகிறார்கள், நடனம் ஆடுகிறார்கள், வாசல் வழியாக ஒரு பன்றியை ஓட்டிப் போகிறார்கள். கறுப்பு உடம்பில் தோளைச் சுற்றி வெள்ளைப் பட்டை போட்ட அந்தச் சியேனாப் பன்றி இனம் இன்றும் அங்கே பண்ணைகளில் வளர்கிறது. எதிர்ச்சுவரில் கொம்பு முளைத்த கொடுங்கோலன். அந்தப் பக்கம் வண்ணம் நிறைய உதிர்ந்துவிட்டது. பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு ஓடுகிற கூட்டத்தோடு போகாதீர்கள். தரைத்தளத்தில் டிக்கெட் வாங்கும்போதே அந்த அறை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பராமரிப்பு வேலைக்காக மூடுவதுண்டு.

கறுப்பும் வெள்ளையுமாகப் பளிங்குப் பட்டைகள் போட்ட பேராலயம் அடுத்தது. அதன் தரை முழுக்கப் பளிங்கில் செதுக்கிப் பதித்த 56 சித்திரங்கள். தேய்ந்துவிடாமல் இருக்க ஆண்டின் பெரும்பகுதி மூடியே வைத்திருப்பார்கள். கோடையிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் சில வாரங்கள் முழுவதும் திறந்திருக்கும். பயணத் தேதியை இதற்காகவே மாற்றினாலும் தகும்.

ஆலயத்தின் பக்கத்தில் கூரையில்லாத மாபெரும் சுவர் ஒன்று தனியாக நிற்கும். உலகத்திலேயே பெரிய ஆலயங்களில் ஒன்றைக் கட்டிவிட வேண்டும் என்று 1339இல் முடிவெடுத்தார்கள். இப்போதுள்ள பேராலயம் அந்தப் புதியதன் குறுக்குக் கை மட்டுமாக ஆகியிருக்கும். 1348இல் கொள்ளைநோய் வந்தது. என் ஐந்து பிள்ளைகளை என் கையாலேயே புதைத்தேன் என்று ஊர்க்காரர் அன்யோலோ தி தூரா எழுதிவைத்திருக்கிறார். லொரென்செத்தியும் அந்த நோயில்தான் போனார் என்று கருதுகிறார்கள். வேலை நின்றது, மறுபடி எழவே இல்லை. அந்தச் சுவரின் உச்சிக்கு ஏறலாம். மேலே இருந்து பார்த்தால் ஊர் மொத்தமும் ஒரே செம்மண் நிறம். ஓவியர்கள் பயன்படுத்தும் சியேனா நிறம் என்ற பெயர் இந்த மண்ணிலிருந்து வந்ததுதான்.

பேராலய அருங்காட்சியகத்தில் ஓவியர் துச்சோவின் மயஸ்தா, அதாவது அரியணையில் வீற்றிருக்கும் மாதாவைத் தீட்டிய பெரிய பலிபீட ஓவியம். 1311 ஜூன் 9 அன்று கடைகளை அடைத்து, மணியடித்து, ஊரே ஊர்வலமாக அதைப் பேராலயத்துக்குக் கொண்டுபோனது. 1771இல் அதை அறுத்துத் துண்டுகளாக்கினார்கள். சில துண்டுகள் இன்று லண்டனிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. மீதியே நம்மை உறையவைக்கப் போதும்.

புனித காத்தரீனின் ஊர் இதுதானே?

ஆமாம். 1347இல் வாத்துப் பேட்டையில் ஒரு சாயக்காரர் வீட்டில் பிறந்தார். அவினியோனில் இருந்த போப்பாண்டவரை ரோமுக்குத் திரும்பச் சொல்லிக் கடிதம் எழுதிய பெண்மணி. 1380இல் 33 வயதில் ரோமில் இறந்தார். உடல் ரோமில், தலை சியேனாவின் சான் தொமேனிக்கோ ஆலயத்தில். பிறந்த வீடும் கோயிலாகிவிட்டது. அங்கிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் ஃபொந்தேபிராந்தா என்ற பழைய நீர்த்தொட்டி. நிலத்துக்கு அடியில் சுமார் 25 கிலோமீட்டர் சுரங்கக் கால்வாய்கள் வெட்டித்தான் ஆறில்லாத இந்தக் குன்றுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. பீச்சி என்ற தடித்த நூல் போன்ற மாவுப் பண்டம், கையால் உருட்டுவது. பெரிய பூண்டும் தக்காளியும் சேர்த்த குழம்போடு கேளுங்கள். அதில் இறைச்சி இருக்காது. பழைய ரொட்டியும் பீன்ஸும் கீரையும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் ரிபொல்லீத்தா இன்னொன்று. அடியில் இறைச்சி வேகவைத்த நீர் ஊற்றியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். தஸ்கனி ரொட்டியில் உப்புப் போட மாட்டார்கள். முதல் வாயில் ஏமாற்றமாக இருக்கும், குழம்போடு சாப்பிட்டால் காரணம் விளங்கும்.

இனிப்பில் பன்ஃபோர்த்தே: பாதாம், தேன், பழவத்தல், கிராம்பு, பட்டை சேர்த்து இறுக்கிய வட்டம். மிளகு கூடுதலாகப் போட்ட கறுப்பு வகையும் உண்டு, அதையே வாங்குங்கள். ஒரு சிறு துண்டே போதும். பல வாரம் கெடாமல் இருப்பதால் வீட்டுக்குக் கொண்டுவரவும் வசதி. ரிச்சரெல்லி என்ற பாதாம் பிஸ்கெட்டில் முட்டையின் வெள்ளைக்கரு இருக்கிறது.

எப்படிப் போவது? எங்கே தங்குவது?

புளோரன்சிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். சில ரயில்களுக்கு எம்போலியில் மாற வேண்டும். விரைவுப் பேருந்து அதைவிடச் சௌகரியம், பழைய நகரின் ஓரத்திலேயே இறக்கிவிடும். ரயில் நிலையம் குன்றின் அடியில் இருக்கிறது, எதிரிலுள்ள கட்டடத்துக்குள் நகரும் படிகள் வரிசையாக மேலே ஏற்றிவிடும். வாடகைக் கார் எடுத்தால் மதிலுக்கு வெளியே நிறுத்துங்கள். உள்ளே வெளியார் வண்டிக்குத் தடை, கேமரா பிடித்து அபராதம் வீடு தேடி வரும்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு நேர்காணல் தேதி கிடைப்பதே பாடு, ஆகவே சீக்கிரம் தொடங்குங்கள்.

புளோரன்சிலிருந்து பகலில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து ஓரிரவாவது தங்குங்கள். ஆறு மணிக்கு மேல் பேருந்துகள் கிளம்பிப் போனதும்தான் சியேனாக்காரர்கள் தங்கள் தெருவுக்கு வெளியே வருகிறார்கள்.

எந்த மாதம் நல்லது?

பாலியோ வேண்டாம் என்றால் ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர். கூட்டமே வேண்டாம் என்றால் டிசம்பர். டிசம்பர் 1 நகரின் காவல் புனிதர் சான் அன்சானோவின் நாள். கொந்த்ராதாக்களின் ஆண்டு அன்றுதான் பிறக்கிறது. 13ஆம் தேதி சாந்தா லூசியா சந்தையில் 17 பேட்டைகளின் நிறத்திலும் சின்னச் சின்ன மண் மணிகள் விற்பார்கள். நான் ஆமை ஒன்றும் நத்தை ஒன்றும் வாங்கினேன். கடைக்காரம்மா இரண்டையும் ஒரே காகிதத்தில் சுற்ற மறுத்து, தனித்தனியாகச் சுற்றிக் கொடுத்தார்.

பந்தயம் முடிந்ததும் கிளம்பிவிடலாமா?

கிளம்பாதீர்கள். ஜெயித்த பேட்டை பட்டுத்துணியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல ஓடும். ஜூலையில் புரொவென்சானோ ஆலயத்துக்கு, ஆகஸ்டில் பேராலயத்துக்கு. கதவு திறந்திருக்கும், நீங்களும் உள்ளே போகலாம். இரவெல்லாம் முரசு. மறுநாள் அறுபது வயதுக்காரர்கள் வாயில் குழந்தைகளின் ரப்பர் சூப்பானை வைத்துக்கொண்டு தெருவில் நடப்பதைப் பார்த்துத் திகைக்காதீர்கள். ஜெயித்த பேட்டை புதிதாகப் பிறந்திருக்கிறது என்று அர்த்தம்.

இலையுதிர் காலத்தில் வெற்றி விருந்து. ஆயிரக்கணக்கானோர் உட்காரும் மேசைகளுக்கு முன்னால் முதலிடத்தில் குதிரைக்கு ஒரு தொட்டி போட்டிருப்பார்கள். அன்றைய முதல் சாப்பாடு அதற்குத்தான்.